கூடையில் ஒரு மைனா

1962 மார்கழி, ஒரு சனிக்கிழமை காலை. சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ். எனக்கு முன்னால் மைனாக் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் தன் நாத்தனாரிடம், “றெக்கை கூடிருச்சுன்னு சிஸ்டர்கிட்ட மூச்சு விட்றாதீக மதினி” என்றாள்.

அடிபட்ட பறவைகளைத் திண்டுக்கல் கன்னியர் மடத்திலிருந்து வீடுகளில் வைத்து வளர்க்கக் கொடுப்பார்கள். மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

“பறந்தா விட்றணும்னு சொல்லித்தானத்தா குடுத்தாக?”

“உங்க தம்பிய அது ‘ஏலே’ன்னு கூப்புடுது. அதக் கேக்கவே வயல விட்டு வெரசா வந்துர்றாக. எட்டு வருசமா எங்களக் கூப்புட வீட்ல யாரு இருந்தா?”

நாத்தனார் கூடையை எட்டிப் பார்த்தாள்.

“சிஸ்டர் கூடையத் தொறந்து பாத்தா?”

“கைக்குள்ள பொத்திப் பிடிச்சுக்குவேன்.”

“எம்புட்டு நேரம்?”

“‘சரி, கொண்டு போ’ம்பாகல்ல, அதுவரைக்கும்.”