மீனுக்கு நல்ல சோப்பு

ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களோடு நானும் போடியில் ஜீப்பு ஏறினேன். மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது, எதிரில் இருந்த சிலமலை ஊர்க்காரி பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்.

"சோப்பு எவ்வளவு நாறுதோ அவ்வளவு நல்லது மதினி."

"ஏன்டி அப்படிச் சொல்ற?"

"மருந்து கலக்காத வேப்பஞ்சோப்பு வாங்கிருக்கேன். குளிச்ச தண்ணி ஓடையில போனாலும் மீனுக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"மீனு மேல என்னடி உனக்குத் திடீர்ப் பாசம்?"

"மீனு கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரரு ஏலத்துக்கு மருந்தடிச்சிட்டு வந்து என் வாசனை சோப்பத்தான் தேய்ப்பாரு. ஒரு குளியல்ல பாதி கரைஞ்சிரும். காய் எடுத்த கறையக் கழுவ எனக்குத் துண்டு கூட மிஞ்சாது."

"இதத் தொட மாட்டாராக்கும்?"

"மோந்து பாத்தாரு, கசாயம் மாதிரி இருக்குன்னு வச்சிட்டாரு. கல்யாணமாகி இப்பத்தான் ஒரு சோப்ப நானே முழுசாத் தேச்சு முடிச்சேன்."

"அவருகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

"மீனுக்கு நல்லதுன்னுதான். உனக்கு எளகுன மனசுடின்னாரு."

"எனக்கும் ஒண்ணு கொண்டா."

வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பிய டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அக்கா, எங்க வீட்டுலயும் போன வாரத்துல இருந்து அந்தச் சோப்புதான். அவளும் மீனத்தான் சொன்னா."

ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை. மூத்தவள்தான் பதில் சொன்னாள்.

"மீனு பாவம்ல தம்பி. நீங்க அதத் தொட்டுறாதீங்க."