ரெண்டும் இடது கை

இல்லம்மா, பிளாக் வேற, போஸ்ட் வேற. எத்தனை தடவை சொல்றது? பிளாக்குங்கிறது இன்டர்நெட்ல நாம எழுதறதுக்குன்னு வச்சிருக்கிற மொத்தக் கடை. போஸ்ட்டுங்கிறது அதுல நீ அப்பப்ப எடுத்துத் தொங்கவிடற துணி. என் பிளாக்குல பழைய பேன்ட்ட எப்படிச் சின்னதாக்குறது, கிழிஞ்ச பாக்கெட்ட எப்படி மாத்துறதுன்னு எழுதறேன்ல, அதுல ஒவ்வொண்ணும் ஒரு போஸ்ட். நீ செடியப் பத்தி எழுதப் போற, அவ்வளவுதான். அந்த ஊசி டப்பாவத் தள்ளி வச்சுட்டு உக்காரு, குத்திடப் போகுது.

அக்கா சலிப்பாப் பேசறேன்னா சொல்ற? முதுகு விட்டுப்போச்சும்மா. காலையிலேர்ந்து மெஷின்லயே குனிஞ்சு கெடக்கேன்.

டேக்கா? துணியில குத்தி வைப்போமே சீட்டு, அது மாதிரி. ரோஜா, தொட்டி, உரம்னு ஒட்டி வச்சா, தேடுறவங்க கண்ணுல படும். ஆசைப்பட்டுக் கண்டதையும் ஒட்டாத. ஃபாலோயர்னா உன்னை விடாம படிக்கிறவங்க. எனக்கு அவங்கதான் தைக்கவும் துணி கொண்டு வர்றாங்க. அதான் இந்தப் பிளாக்க மூடவும் மனசு வரல, வச்சுக்கிட்டு நிம்மதியாவும் இருக்க முடியல.

ஏன் மூடணுமா? கமென்ட்டுனாலதான். படிக்கிறவங்க கீழ எழுதுவாங்களே, அது. பேர் போடாமயும் எழுதலாம். அப்படி யாரோ நாலஞ்சு மாசமா என் உயிர எடுக்கிறாங்க. இவளுக்குக் கத்திரி பிடிக்கத் தெரியுமா, இவகிட்டக் குடுத்தா துணி குப்பைக்குத்தான்னு. அழிச்சா மறுபடி வருது. போன வாரம் பேங்க்ல வேலை பாக்குற ஒரு அம்மா அதைப் படிச்சுட்டு, தைக்கக் குடுத்த கோட்டுத் துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. வாசல்லயே நின்னு, என் மூஞ்சியக் கூடப் பாக்கல. வயித்தெரிச்சலா இருந்துச்சு. பேசாம இழுத்து மூடிடலாம்னு நேத்து முடிவே பண்ணிட்டேன்.

ஸ்பேமா இருக்குமாவா? நல்லா கேட்ட போ. ஸ்பேம்னா விளம்பரக் குப்பை, அதுக்கு என்னைத் தெரியாது. இவங்களுக்கு என்னைத் தெரியும்.

சரி, டிராஃப்ட்டுன்னா என்னன்னுதானே கேட்ட? எழுதிட்டு, ஊருக்குக் காட்டாம வச்சிருக்கிறது. பப்ளிஷ்ங்கிற பட்டன அமுக்குற வரைக்கும் வெளிய ஒரு ஆளுக்கும் தெரியாது. என்கிட்ட ஒண்ணு கெடக்கு, கேட்டா சிரிப்ப. ஒருத்தர் கோட்டுக்குக் கை வெட்டறப்ப துணிய மடிக்காம விரிச்சுப் போட்டேன். அளவுக் காகிதத்தத் திருப்பிப் போடாமயே ரெண்டு தடவையும் வெட்டிட்டேன். ரெண்டும் இடது கை! இத்தனை வருஷமா தைக்கிறவ செய்யற வேலையா இது? ஓடிப்போய் அதே துணி வாங்கிட்டு வந்து தச்சுக் குடுத்தேன். கோட்டுக்காரருக்கே தெரியாது. என் வீட்டுக்காரர்கிட்டக்கூட மூச்சு விடல. மனசு ஆறட்டும்னு எழுதினேன், வெக்கமா இருந்துச்சு, டிராஃப்ட்டாவே விட்டுட்டேன். நம்ம ஹால் கம்ப்யூட்டர்லதான் இருக்கு.

ஆமா, யாரு தொறந்தாலும் தெரியும். ஆனா யாரு தொறக்கப் போறாங்க? அத்தைக்கு மவுஸ் பிடிக்கவே வராது. நம்ம வீட்டுக்காரங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரும், ஆபீஸ்ல பாக்குற கம்ப்யூட்டரே போதும்னு அந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க.

நேத்து பட்டன் தைக்கிற போஸ்ட்டுக்குக் கீழ ஒரு கமென்ட் வந்துச்சு. பேர் இல்ல. ரெண்டு கையையும் இடது கையா வெட்டுற டெய்லரம்மான்னு.

டீ ஆறுது பாரு, குடி.

அத்தையும் அத்தைதான். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், என் பெரிய மருமக எழுதினதப் பாருங்கன்னு ஃபோன நீட்டுவாங்க. நீ போட்ட டீயக் குடிச்சுக்கிட்டேதான் நீட்டுவாங்க. சின்ன மருமக போட்ட டீ நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வராது. மாடி பூரா செடி வச்சிருக்கியே, ஒருத்தரையாவது கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காங்களா? எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?

எங்க எந்திரிக்கிற? உக்காரு. இன்னும் முடியல.

அட, அழாத. அழுது என்ன ஆகப்போகுது, கீபோர்டுதான் நனையும். எனக்குக் கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல. ஆனா கத்திச் சண்டை போடத் தெம்பும் இல்லம்மா. அந்த பேங்க் அம்மா வீட்டுக்கு நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம். நான் சும்மா நிப்பேன், நீதான் பேசணும். என் பிளாக் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மூக்கத் தொடச்சுக்கிட்டு இப்படித் திரும்பு. இந்தா, உன் பிளாக் ரெடி. மேல தலைப்பு போட்டுக்கோ. அதுக்குக் கீழ பேர்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. இந்தத் தடவை அத காலியா விடாத.