கந்தனுக்குக் கொடுத்த கொக்கி

அவையை ஆளும் தலைவர் அவர்களே! பெருமாள்மலைச் சந்தையின் பெரியோர்களே! வாழைத்தார் சுமந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! வியாபாரி ஞானவேலின் வணக்கம்.

கை தட்டாதீர்கள் ஐயா, கொண்டாட நான் மேடை ஏறவில்லை. மலையிலிருந்து தார் இறக்கும் நம் கயிற்றுப்பாதையில் போன மாதம் ஒரு கொக்கி ஒடிந்தது. தார்க்கட்டு விழுந்தது. கீழே நடந்துபோன நம் ஊர்ச் சேனாதிபதி செத்தான். விதி என்றீர்கள். விதியா? விபத்தா? நம் வீம்பா?

இந்தக் கொக்கிகளை அடிக்கும் நம் பட்டறையின் வழக்கம் என்ன? முதல் கொக்கியை விரதமிருந்து, பார்த்துப் பார்த்து அடிப்பது. பழனியாண்டவனுக்குக் காணிக்கை வைப்பது. வழக்கம் வாழ்க! ஆனால் காணிக்கைக்கு முன் அந்த ஒரு கொக்கியில்தானே பாரம் கட்டிப் பார்த்தோம்? அது தாங்கியதை வைத்துத்தானே பாதை முழுவதற்கும் பாரம் குறித்தோம்?

அங்கே ஒரு தம்பி கேட்கிறார், "முருகன் கொக்கியவே சந்தேகப்படுறீகளாண்ணே?" என்று. இல்லை தம்பி! அந்தக் கொக்கி சந்நிதியில் சுகமாக இருக்கிறது. நம் தலைக்கு மேல் தொங்குவது மற்றவை!

அந்த மற்றவற்றில் ஒரு சாக்கு நிறைய வாங்கி, என் சரக்குக் கிட்டங்கியில் பாரமேற்றி ஒடித்துப் பார்த்தேன். ஒன்று யானைபோல் தாங்கியது. ஒன்று பாதிப் பாரத்திலேயே பல்லிளித்தது. சீமை இரும்பு வராத இந்த யுத்த காலத்தில், பழைய அச்சு, பழைய தண்டவாளம் என்று கிடைத்ததையெல்லாம் காய்ச்சி அடிக்கிறோம். ஒன்றுபோல் ஒன்று இருக்குமா? அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து வைத்தால், எந்தப் பாரத்தில் எத்தனை கொக்கி கைவிடும் என்று பாதைக்குக் கம்பம் நடுமுன்பே கணிக்கலாமே! கொக்கியைத் தடிப்பாக்கலாமே! பாரத்தைக் குறைக்கலாமே!

இதோ, பாதையை நீட்டப்போகும் வரைபடம் மேசைமேல் கிடக்கிறது. இன்னும் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. ஆனால் அதே கொக்கி! அதே பாரம்! தலைவரிடம் மன்றாடினேன். "கம்பம் நட நாள் குறிச்சாச்சு ஞானவேலு. இப்பப் போயி கொக்கிய ஒடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீகளா?" என்றார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று ஐயா.

தாய்மார்களே, உங்களையாவது கெஞ்சுகிறேன். அந்தக் கயிற்றின் கீழே நடக்காதீர்கள்!

யாரம்மா எழுந்து நிற்பது? சேனாதிபதியின் மனைவி சோலையம்மாளா? சொல்லுங்கள் தாயே.

"வேற பாதை எங்கண்ணே கெடக்கு? நாளைக்கு வெள்ளனே அதுக்கு அடியிலதானே நான் சோலிக்குப் போகணும்?"

உட்காருங்கள் தாயே.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.