காதில் மாட்டியிருக்கும்போது

எங்கள் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஐயா. டீக்கடை இல்லை. மைக், ஸ்பீக்கர், மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர் என்று வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இறக்கி, டீலர்களுக்கும் தியேட்டர்களுக்கும் மண்டபங்களுக்கும் கொடுக்கிற கடை. ஆனால் கடைசிச் சில வருடங்களாக ஜனங்கள் வந்தது டீக்குத்தான். பின்பக்கத்தில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த கேட்பு அறை ஒன்று இருக்கிறது. அங்கே என் சோபாவில் சாய்ந்துகொண்டு, என் மின்சாரத்தில், என் ஸ்பீக்கர்களை மதியம் முழுக்க மாற்றி மாற்றிக் கேட்பார்கள். பிறகு என் கண்ணெதிரிலேயே போனை எடுத்து, அதே மாடலை முகம் தெரியாத எவனிடமோ ஆர்டர் செய்வார்கள். நோகாமல் நுங்கு தின்பவன் அவன், வெட்டிக்கொடுப்பவன் நான். ஒருவர் ஆர்டர் போட என்னிடமே வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். கோபமே வராத மனுஷன் என்று தெருவில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். தப்பு. நான் எப்போதும் கோபமாகத்தான் இருந்திருக்கிறேன். காட்டினால் வியாபாரம் நடக்காது, அவ்வளவுதான்.

கடையை ஆரம்பித்தவன் நான். கம்பெனிக்காரன் வாசலில் பழியாய்க் கிடந்து ஏஜென்சி வாங்கியவன் நான். மழையில் லாரிமேல் ஏறித் தார்ப்பாய் கட்டியவனும் நான்தான். தம்பி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது காது. எல்லாருக்கும்தான் இருக்கிறது என்பீர்கள். இது வேறு. ஒரு மண்டபத்துக்குள் நுழைந்து ஒருமுறை கையைத் தட்டுவான். "அந்தக் கடைசி ஜன்னல்ல ஒரு கண்ணாடி லூசா இருக்கு" என்பான். ஏணி போட்டுப் பார்த்தால் இருக்கும். குடோனிலிருந்து எந்தப் பெட்டி வெளியே போனாலும் அவன் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் போகும். நாளடைவில் டீலர்கள் என்னிடம் விலை கேட்பதற்கு முன்னால், "தம்பி கேட்டுட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று என் முதுகில் தட்டுவார்கள். நானும் தலையாட்டுவேன்.

அந்தக் காதைக் காபந்து பண்ணியதும் நான்தான். கேட்பு அறைச் சுவரில் என் கையாலேயே பெயிண்டில் எழுதினேன்: 'ஒருவர் காதில் மாட்டியிருக்கும்போது மற்றவர் எதையும் தொடக் கூடாது.' ஹெட்போன் காதில் இருக்கும்போது யாராவது ஒரு வயரைச் சொருகினாலோ ஒரு குமிழைத் திருகினாலோ டமார் என்று சத்தம் பாயும். காது போனால் போனதுதான். இந்த விதியை மீறியவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன். தம்பி காதில் மாட்டியிருக்கும்போது, அறையைப் பிரிக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிக்ஸரில் உட்கார ஒரே ஆளுக்குத்தான் அனுமதி. அது நான்.

தொழில் மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? கதவளவு மிக்ஸர்களைக் கடன் வாங்கி இறக்கி வைத்தேன். அவ்வளவையும் ஒரு மடிக்கணினிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். சரி என்று அதையும் கற்றுக்கொண்டேன். ராக்கண் விழித்துக் கற்கிற வயசில்லை எனக்கு, கற்றேன். பிறகு ஒரு நாள் கம்பெனி ஆள் வந்தான். என் சோபா, என் டீ. "இனிமே நேரா கஸ்டமருக்கே குடுக்கறதா முடிவு பண்ணியிருக்காங்க சார். நடுவுல யாரும் வேணாம்னு" என்றான். நடுவில் இருந்த யாரோ நான்தான். இவர்கள் பெயரை இங்கே ஒருவனுக்கும் உச்சரிக்கக்கூடத் தெரியாத காலத்தில் அதைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய் விற்றவன். ஏற்றிவிட்ட ஏணியை உதைத்ததுகூடப் பரவாயில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு அவன் அடுத்ததைச் சொன்னான். "உங்க தம்பியை மட்டும் விட மனசில்ல சார். அவரை நாங்களே வேலைக்கு எடுத்துக்கறோம்."

அதாவது கடையைத் தோலாய் உரித்துப் போட்டுவிட்டுச் சுளையை மட்டும் கேட்டான்.

தம்பி நல்லவன். அதை மறைக்க மாட்டேன். அன்றைக்கே என் முன்னால் வந்து நின்றான். "அண்ணா, நீங்க போன்னு சொன்னா போறேன். வேணாம்னா இந்தப் பேச்சையே விட்டுடலாம்."

"போடா, நல்ல சான்ஸு. யோசிக்காதே" என்றேன்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பான். அதற்குப் பெயர் பிச்சை. என் இருபது வயசிலிருந்து நான் சோறு போட்டவனிடம் நான் ஏன் கேட்க வேண்டும்? அவனாகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து நின்றிருக்க வேண்டும். என்னிடம் கேட்டான் பாருங்கள், அங்கேயே பாதி போய்விட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மனைவி வந்து, "உங்க ஆசீர்வாதம்தான் மாமா" என்று என் காலில் விழுந்தாள். நல்லா இரும்மா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவன் சேருவதற்கு முந்தின வாரம் கம்பெனி புது ஹெட்போன் ஒன்றை அனுப்பி அவன் அபிப்பிராயம் கேட்டது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் குடோனுக்குப் போயிருந்தார்கள். சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைக்க மிக்ஸரில் ஒரு தடுப்பு உண்டு. அதைக் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தேன். தம்பி ஜாக்கிரதைக்காரன். மாட்டிக்கொள்வதற்கு முன்னால் தன் பக்கத்துக் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். அன்றைக்கும் கொண்டுவந்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று விரலைக் காட்டினான்.

அவசரப்பட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். முதலில் மெல்லிசாக அனுப்பினேன். சரியாகக் கேட்கவில்லை என்று அவனே தன் குமிழைக் கொஞ்சம் திருகினான். நான் இன்னும் மெல்லிசாக்கினேன். அவன் இன்னும் திருகினான். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது என் குரலைத் தேடி வருவானே, அந்த மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு தேடினான். கடைசி வரைக்கும் அவனே திருகிக்கொண்டான். எதிரே சுவரில் என் கையெழுத்து இருந்தது, படித்தேன். பிறகு என் பக்கத்தில் ஏற்றினேன்.

அவன் கத்தவில்லை. யாரோ எறிந்த பந்தைப் பிடிக்கப் போகிறவன்போல இரண்டு கையையும் தூக்கினான், அவ்வளவுதான். நான்தான் ஓடிப்போய் ஹெட்போனைப் பிடுங்கினேன். நான்தான் தண்ணீர் கொடுத்தேன், காரை ஓட்டினேன், டாக்டரிடம் பேசினேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது.

அவன் செவிடு இல்லை, ஐயா. அதைத் தப்பாக எழுதிவிடாதீர்கள். கிட்டத்தில் நின்று உரக்கச் சொன்னால் புரியும். லாரி ஹாரன் கேட்கும். மகள் கத்திக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். மேல் ஸ்தாயி சுத்தமாகப் போய்விட்டது, கூடவே ஒரு விசில் சத்தம் ஓயாமல் உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறதாம். தூங்க முடியவில்லை என்கிறான். பழகிவிடும் என்கிறார் டாக்டர். கம்பெனிக்காரன் எதை வாங்க வந்தானோ அதை மட்டும்தான் நான் எடுத்தேன். மிச்சமெல்லாம் அவனிடமே இருக்கிறது. கம்பெனி வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதி ஒதுங்கிக்கொண்டது. தம்பி கடையில் இருக்கிறான். சம்பளத்தைக் குறைக்கவில்லை நான்.

இது இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வந்து விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். பின்னே ஏன் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்றுதானே பார்க்கிறீர்கள்? அன்றைக்கு அவன் உங்களிடம் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? "அண்ணனுக்கு வயசாயிடுச்சு சார். கை தவறிடுச்சு. அவரை ஒண்ணும் கேக்காதீங்க."

அதை நீங்கள் அப்படியே எழுதினீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். முப்பது வருஷம் குமிழ் பிடித்த கை இது.

அதோடு விட்டார்களா? டீலர்கள் வந்து என் தோளைப் பிடிக்கிறார்கள். "வயசானா அப்படித்தான், விடுங்க பெரியவரே" என்கிறார்கள். தம்பி மனைவி சாப்பாடு கொடுத்தனுப்பி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாமா என்று சொல்லிவிடுகிறாள். மிக்ஸர் பக்கத்திலிருந்த என் நாற்காலியை எடுத்துக் கல்லா பக்கம் போட்டுவிட்டார்கள். தெரியாமல் என் கை பட்டுவிடக் கூடாதாம், குமிழ்கள்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். யார் ஒட்டச் சொன்னது? தம்பி. அதுவும் நான் பார்க்காதபோது, என் மனசு நோகக்கூடாது என்று.

நேற்று அந்த டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவன் பார்த்துவிட்டான். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போது கொஞ்சம் கத்தித்தான் பேசுவான். குடோன் வரைக்கும் கேட்கும்படி, "யாருக்கு வேணா நடக்கும்ணா. நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு" என்றான். ஆட்கள் எல்லாரும் பாவமாக என்னைப் பார்த்தார்கள். எதற்கு மன்னிப்பு? நான் செய்யாத தப்புக்கு.

அதனால்தான் வந்தேன். இந்த டம்ளரைப் பாருங்கள். விளிம்பு வரைக்கும் டீ, நான் பேச ஆரம்பித்ததிலிருந்து கையில்தான் வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. நீங்கள் எழுதிய அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தம்பியைக் கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அண்ணன் கை தவறுகிற ஆள் இல்லை என்று தெரிந்தால் அவனுக்கும் மனசு ஆறிவிடும்.