போர்த்வின் குகையை அடைத்தவருக்கு

கார்ன்வால் கடற்கரையின் கைவிளக்கே! கடத்தல்காரர் பதுங்கிய குகையைக் கதை படிக்கும் பிள்ளைகளின் கோட்டையாக்கிய காவலரே! எங்கள் அன்புக்கும் அவ்வப்போது எங்கள் ஏச்சுக்கும் உரிய பெட்ராக் நான்கிவெல் ஐயா அவர்களே! கலங்கிய கண்களோடு வணங்குகிறோம்.

முப்பத்தொரு கோடைகள் போர்த்வின் குகையின் வழிகாட்டியாய் நின்றீர்கள். நான்கு நண்பர்களும் ஒரு நாயும் புதையல் தேடும் கதைகளைப் படித்துவிட்டு, தோளில் கயிறும் கையில் டார்ச்சும் பையில் இஞ்சிச் சோடாவுமாய் நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்தார்கள். நாய்களுக்கு அனுமதி இல்லை என்று வாசல் பலகை சொன்னது. "நாய் இல்லாம எவன்யா குகையில துப்புத் துலக்கினான்?" என்று கேட்டு, அந்தப் பலகையின்மேல் உங்கள் மழைக்கோட்டை மாட்டி மறைத்த மாண்பாளரே! மேலாளரும் பார்த்தும் பாராதவராய்ப் போவார்.

மற்ற வழிகாட்டிகள் கடைசிவரை கூடவே வந்து, வரலாறு சொல்லியே கழுத்தை அறுப்பார்கள். நீங்களோ உள்ளறைக்கு முந்திய வளைவில் நின்று உங்கள் விளக்கை அணைத்துவிடுவீர்கள். "கதையில பெரியவங்க கூட வர்றதில்ல ராசா. இனிமே நீங்களே போங்க" என்பீர்கள். உள்ளறையைக் கண்டுபிடித்தவர்கள் தாங்களே என்று கூவிக்கொண்டு திரும்புவார்கள் பிள்ளைகள். இருட்டுக்கு அஞ்சிப் பின்தங்கிய பிள்ளையிடம், "எனக்கும் பயமாத்தான் இருக்கு, துணைக்கு இரு" என்பீர்கள். அவ்வளவில் அதற்குத் தைரியம் வந்துவிடும். எல்லோரும் திரும்பும்வரை, செவியே விழியாக, இருளில் காத்திருந்த செம்மலே!

அப்படிக் காத்திருந்த செவியில்தான் சென்ற வசந்தத்தில் அந்தச் சத்தம் விழுந்தது. உள்ளறைக் கூரையிலிருந்து, டப்பாவிலிருந்து சர்க்கரை சிந்துவதுபோல ஏதோ உதிர்ந்தது. மறுநாளும் கேட்டீர்கள். அதற்கு அடுத்த நாள், குகையை மூடினால் உங்கள் வேலையும் சேர்ந்து மூடப்படும் என்று தெரிந்தே, குகையை நிர்வகிக்கும் அறங்காவலர்களிடம் போய்ச் சொன்னீர்கள். ஆய்வுக்கு வந்தவர்களும் கூரை விழாது என்று உறுதி தர இயலாது எனக் கையை விரித்தார்கள். வாசலில் இரும்புக் கதவு ஏறியது.

ஊர் உங்களை வாழ்த்தவில்லை, ஐயா. தேநீர்க்கடை மொர்வென்னா சுட்ட குங்குமப்பூ பன்கள் வாங்க ஆளின்றிக் காய்ந்தன. படகோட்டி டிக்கரியின் படகு கரையிலேயே கிடந்தது. மதுக்கடையில் எல்லோர் முன்னும் அவர் உங்களை மடக்கினார்.

"என்ன பெட்ராக், பாறை உங்கிட்ட மட்டும் வந்து பேசுச்சாக்கும்?"

"புள்ளைங்க சத்தம் ஓஞ்சா அது பேசறது கேக்கும்டா."

"விழலன்னா என்ன செய்வே?"

"விழலன்னா சந்தோஷம். கெழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சொல்லிட்டுப் போ."

கோடை கழிந்தது. கூரை விழவில்லை. நாளைக்கே விழலாம், நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை விழாமலும் இருக்கலாம். நீங்கள் சொன்னது சரிதானா என்பது தெரியாமலேயே நாளை நீங்கள் மகள் வீட்டுக்கு, கடல் கண்ணிலேயே படாத பர்மிங்ஹாமுக்குப் புறப்படுகிறீர்கள். நினைக்க நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை. கூரை விழுந்த பிறகு உங்களைப் போற்ற எவராலும் முடியும். விழாமல் இருக்கும்போதே போற்றத்தான் இன்று கூடினோம். டிக்கரியும் வந்திருக்கிறார். கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

மூட்டுவலி நீங்கி, முழு உறக்கம் பெற்று, மகளும் மருமகனும் மனங்கோணாது பேண, நூறாண்டு கடந்தும் நலமாய் வாழ்வீராக! உங்களுக்குப் பொன்னாடை போர்த்த எங்களிடம் வசதி இல்லை. சொல்வதற்கு ஒரு செய்தி மட்டும் உண்டு. இந்தக் கோடையில் பூட்டிய கதவைக் கண்டு பிள்ளைகள் அழுதார்கள். "ஏமாத்திட்டாங்க" என்று மணலை எட்டி உதைத்தார்கள். உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல், அழுதுகொண்டே, அத்தனை பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள், ஐயா.

பிரிய மனமின்றி,
போர்த்வின் குகைப் பணியாளர்கள்