தாய் எண்

“கட்டுரையில என் பேரையும் போடுங்க சார்.”

இதை மட்டும் யாரிடமும் கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். வேலை கேள், லீவு கேள், பேர் கேட்காதே. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வாயை அடக்கத் தெரியாத முதல் ஆளும் நான்தான்.

பேராசிரியர் சிரித்தார். “நீ கால்குலேட்டர்மா. அதுக்கெல்லாம் யாராவது பேர் போடுவாங்களா?”

நியாயம்தானே. கால்குலேட்டருக்குக் கோபம் வராது. அன்று அவருடைய காபிக் கப்புகளைக் கழுவும்போது இரண்டு மட்டும் உடைந்தன.

எங்கள் வேலை இதுதான்: ச-விலிருந்து ப-வரை உள்ள இடைவெளியை எடுத்து, அதன்மேல் அதையே அடுக்கிக்கொண்டு போனால் மற்ற சுரங்கள் பிறக்கும். அந்த இடைவெளியின் அளவுக்கு நாங்கள் வைத்த பேர் தாய் எண். பன்னிரண்டாவது அடுக்கில் திரும்ப ச-வுக்கே வந்து சேர வேண்டும். சுத்தமாக வைத்தால் அந்த வட்டம் மூடாது, கொஞ்சம் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பது என் கணக்கு. அதைக் கீபோர்டில் ஏற்றுவதும் நானே.

கப் உடைந்த மறுநாள், சரியான எண்ணிலிருந்து வேண்டுமென்றே இன்னும் ஒரு மயிரிழை குறைத்தேன். முதல் அடுக்கில் எந்தக் காதுக்கும் தெரியாது. போகப் போகப் பிழை குட்டி போடும், கடைசிச் சுரம் ஊளையிடும்.

வாசிக்க உட்கார்ந்த பேராசிரியர் கையை எடுத்தார். “ஏம்மா, பிசிறடிக்குதுல்ல?”

“இல்லையே சார். சுத்தமா இருக்கே.”

கணக்கை நம்பும் மனிதர். காதைத்தான் சந்தேகப்பட்டார்.

சில நாள் எண்ணைச் சரியாக வைப்பேன். “இன்னைக்குப் பரவாயில்லம்மா” என்பார். “நேத்தும் இப்படித்தான் சார் இருந்துச்சு” என்பேன்.

காதில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அப்படியானால் மூளைதான் என்று இவரே முடிவு கட்டிக்கொண்டார். கச்சேரிகளை விட்டார். மகள் பாடினால்கூட எழுந்து போய்விடுவார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஈவு இரக்கம் இல்லாதவள் இல்லை நான்.

இன்று வேலையை விட்டுப் போகிறார். போகுமுன் என்னைக் கூப்பிட்டுக் கட்டுரையை நீட்டினார். முகப்பில் என் பேர் மட்டும்.

“என் காதை நம்பி இனி எதுலயும் பேர் போட மாட்டேன். உன் கணக்குதாம்மா சரி.”

தாய் எண்ணைக் கீபோர்டிலிருந்து பார்த்து அவரே எழுதியிருந்தார். நான் கெடுத்து வைத்த எண். கேட்ட பேர் கிடைத்தது, தப்பான எண்ணுக்குப் பக்கத்தில். என் சாமர்த்தியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பேர் தப்பிக்கும். ஆனால் அவர் காதும் சரி என்று ஆகிவிடும்.

“ஒரு தடவை பாத்துடும்மா.”

“சரியாத்தான் இருக்கு சார்.”

கையெழுத்துப் போட்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தேன். பாவம், இப்போதெல்லாம் அவருக்குச் சின்னச் சத்தம்கூட ஆகாது.