ஊசியில் நூல் கோர்த்தல், ஆறாம் வகுப்பு

வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ரைட்டர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டுகிறார். என் பெயர் எழுதிய தாளில் அந்த ஈரம் படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் பெயர் சகாயராணி. கம்பத்தில் தையல் ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். தைக்கத் தெரிந்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அப்படி ஒருத்தியைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தையல் சொல்லிக் கொடுக்கிற டீச்சராக ஆக்குவதுதான் என் வேலை.

என் மாணவி அனிதா மேரியைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று பேப்பரில் பார்த்தேன். தேனி ஆஸ்பத்திரியில் அவள் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறாள், கட்டில் பக்கத்தில் ஒரு பெண் போலீஸை உட்கார வைத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு நூல் வெட்டிக் கொடுத்தது அவள்தான். அதற்காக நூலில் பூச்சிமருந்து ஏற்றியதும் அவள்தான் என்று முடிவு கட்டுவது நியாயம் இல்லை. அவளுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் தைத்து ஒட்டிய பட்டன் காஜாவைத் திருப்பினால் பின்பக்கம் முடிச்சு முடிச்சாகத் தொங்கும். ஒரு முழு நூற்கண்டை மருந்தில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சிக்கு விழாமல், கடையில் வாங்கிய புதுக்கண்டு மாதிரி திரும்பச் சுற்றுவது அவளால் ஆகிற காரியமா? அது நான் செய்தது. அந்த வேலைக்கு அவள் பெயர் போவதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஏன் என்று கேட்பீர்கள். எச்சில்தான் காரணம்.

ஊசியில் நூல் கோர்க்க நுனியைச் சாய்வாகக் கத்தரித்தால் போதும். முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவேன். அனிதா மேரி தலையை ஆட்டுவாள். அடுத்த நிமிடம் நூல் நுனி அவள் வாய்க்குள் இருக்கும். உதட்டைக் குவித்து உறிஞ்சுவாள். வெளியே எடுக்கும்போது மெல்லிய கம்பியாக எச்சில் இழுபடும். தைத்து முடித்ததும் கத்தரிக்கோல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க, பல்லால் கடித்துத் துண்டிப்பாள். பிறகு அந்தச் சாம்பிளை என் மேஜையில் வைப்பாள். மதிப்பெண் போட நான் அதைத் தொட வேண்டும். எத்தனை நாள் மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்திருக்கிறேன் தெரியுமா? கையை மூன்று தடவை கழுவினாலும் விரலில் அந்தக் கொழகொழப்பு இருந்துகொண்டே இருக்கும்.

"மேடம், ஈரம் படாட்டி நூலு பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. எங்கம்மா இப்படித்தான் கோர்ப்பாக" என்றாள் ஒருநாள்.

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். ஒரே ஊர், ஒரே கோயில். நாங்கள் மேலத்தெரு, அவர்கள் கீழத்தெரு. என் தம்பி பீட்டர்ராஜின் திராட்சைத் தோட்டத்தில் களை எடுக்க வருவாள். நான் வித்தியாசம் பார்க்கிறவள் இல்லை. அவளுக்கென்று எங்கள் வீட்டில் தனி டம்ளர் வைத்ததே இல்லை. காகிதக் கப் வாங்கி வைத்திருக்கிறோம், குடித்ததும் அவளே போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

வகுப்பில் மற்றவர்களும் நூலை வாயில் வைப்பது உண்டு. ஜோதிலட்சுமியும் வைப்பாள். அவளைச் சொன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு "சாரி மேடம்" என்பாள். அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டியது இல்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அனிதா மேரி நாளைக்கு டீச்சராகி, வருடத்துக்கு நூறு பிள்ளைகளுக்கு இதே அசிங்கத்தைச் சொல்லிக் கொடுப்பாள். அடியாத மாடு படியாது. ஒருநாள் வயிற்றைப் புரட்டினால் ஆயுசுக்கும் நூலை வாயில் வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். சொன்னதைக் கேட்டவளுக்கு அந்தக் கண்டால் ஒரு கெடுதலும் இல்லை. கேட்காதவளுக்குத்தான் தண்டனை. இதைவிட நேர்மையான பரீட்சையை நான் வைத்ததில்லை.

மருந்து தம்பியிடம் வாங்கினேன்.

"எதுக்குக்கா?" என்றான்.

"ரோசாச் செடியில பூச்சி."

"பாத்துக்கா. ரொம்பப் பொல்லாத மருந்து. எங்கன வச்சாலும் பிள்ளைக கை படாம வையி."

வெள்ளை நூலில் கறை தெரியும் என்பதால் நீலம் எடுத்தேன். நல்ல கம்பெனி நூல். எங்கள் மாணவிகளுக்கு ஆளுக்கொரு பயிற்சிப் பெட்டி உண்டு. அதில் துணி அரிக்காமல் இருக்கப் பூச்சி உருண்டை போட்டிருப்பதால் மருந்து வாடை தனியாகத் தெரியாது. வியாழக்கிழமை அவள் பெட்டியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மட்ட நூலையே எடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நீலக் கண்டைத் தொடவே இல்லை. ஏன் என்று எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

திங்கட்கிழமை அவளுக்குக் கற்பித்தல் பயிற்சி. எங்கள் ஊர்ப் பள்ளியில், ஆறாம் வகுப்பில், ஊசியில் நூல் கோர்த்தல் பாடம். நான் மேற்பார்வைப் படிவத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெட்டியைத் திறந்து நீலக் கண்டை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினாள்.

"இங்கன பாருங்க, எம்புட்டு நல்ல நூலுன்னு. உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்" என்றாள்.

பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். அதற்காக நான் பொறாமைப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். மூக்கு ஒழுகுகிற பிள்ளையையும் இடுப்போடு அணைத்துக்கொள்வாள், அந்தச் சளி சேலையில் ஒட்டும். பார்க்கவே எனக்கு உடம்பு கூசும். அவள் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழங்கை நீளம் நூல் வெட்டிக் கொடுத்தாள். அதற்குக் கால் மணி நேரம் ஆனது. பிறகு கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏலே, அவசரப்படாதீக. நுனிய லேசா நாக்குல வச்சு நனைங்க. ரெண்டு விரலால தட்டையா அமுக்குங்க. ஒத்தக் கண்ண மூடுனா ஊசிக் கண்ணு பெருசாத் தெரியும்."

செய்தும் காட்டினாள். பிள்ளைகள் எல்லாம் நூலை வாயில் வைத்தார்கள். முதல் தடவையில் யாருக்கும் நுழையவில்லை. திரும்ப வைத்தார்கள். முதல் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் பாதி நூலை உள்ளே விட்டுச் சப்பிக்கொண்டே இருந்தாள். வகுப்பு முழுக்க எச்சில் சத்தம். நான் படிவத்தில் 'செய்து காட்டும் முறை: திருத்தம் தேவை' என்று எழுதினேன்.

நடுவில் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். பாடம் நடக்கும்போது மேற்பார்வையாளர் குறுக்கே பேசக் கூடாது, பயிற்சி ஆசிரியையின் தன்னம்பிக்கை போய்விடும். நானே எல்லா வருடமும் சொல்லிக் கொடுக்கிற விதி அது. அதோடு, நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் முக்கால்வாசி கீழத்தெருப் பிள்ளைகள், வீட்டில் கண்டதையும் வாயில் வைத்து வளர்ந்தவர்கள், இது அவர்களை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மணி அடிக்கிறதற்குள் முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. அப்புறம் வரிசையாக. பெஞ்சு, பை, தரை என்று ஓர் இடம் பாக்கி இல்லை. அனிதா மேரி வெறுங்கையால் அவர்கள் வாயைத் துடைத்துவிட்டு, ஒவ்வொருவராக ஆட்டோவில் தூக்கிப் போட்டாள், தானும் மயங்கி விழும்வரை. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். அந்த முதல் பெஞ்சுப் பெண் சாயங்காலம் இறந்து போனதாகப் பேப்பரில் இருந்தது. ராமுத்தாய் என்று பெயர் போட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் கேட்பீர்கள். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை?

ஆக்சிலியா என் தம்பி மகள். அனிதா மேரி மூன்றாவது வரிசையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தபோது, "ஆக்சிலியா, ஆபீஸ் ரூம்ல என் குடைய வச்சிட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வா. மெதுவா வந்தாப் போதும்" என்று அனுப்பினேன். பாடம் முடிகிறவரை அவளை வராந்தாவிலேயே நிற்கவும் சொன்னேன்.

மற்றப் பிள்ளைகளையும் அப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேன், ஐயா. எனக்கு அவர்கள் பெயர் தெரியாது.